வவுச்சர் பேரமும் ஷபீரோவின் முதல் வருடமும்: இது தலைமைப் பண்பா, கணக்கா?

செந்தில்வேல்
அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2026 நவம்பரில் ஆளுநர் தேர்தல். அங்கே ஆளுநராக இருக்கும் ஜனநாயகக் கட்சிக்காரர் ஜாஷ் ஷபீரோ பெயர் வந்தாலே "இரண்டு கட்சியையும் அரவணைத்துப் போகிறவர்" என்ற பாராட்டும் கூடவே வருகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று பேசலாமே என்றுதான் இந்த இழை. அவர் பதவிக்குப் புதிதாக வந்த 2023ஆம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடிக்கும். 2022இல் குடியரசுக் கட்சியின் டக் மாஸ்ட்ரியானோவைக் கிட்டத்தட்ட 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அப்படி ஜெயித்தவர் எதிர்க்கட்சியைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனால் தேர்தல் நடத்தும் துறைக்கு, மாநிலச் செயலராக, அல் ஷ்மிட்டைக் கொண்டுவந்தார். ஷ்மிட் குடியரசுக் கட்சிக்காரர். 2020இல் பிலடெல்பியாவில் வாக்கு எண்ணிக்கை நேர்மையாக நடந்தது என்று சொன்னதற்காகக் கொலை மிரட்டல் வாங்கியவர். பதவியேற்ற மறுநாளே ஷபீரோ போட்ட உத்தரவு: மாநில அரசு வேலைகளில் 92 சதவீதத்துக்கு, அதாவது சுமார் 65,000 இடங்களுக்கு, கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. இதற்குப் பெயர் தலைமைப் பண்பு இல்லையென்றால் வேறு எதற்கு?

கறார் கந்தசாமி
தம்பி, அந்தப் பட்டம் விஷயம் 2022லேயே மேரிலாந்தில் லாரி ஹோகன் செய்தது. அவர் குடியரசுக் கட்சி. அதே வருடம் யூட்டாவும் செய்தது. யாருமே எதிர்க்காத ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு "இரு கட்சிக்கும் பொது" என்று கைதட்டு வாங்குவது சுலபம். கடிக்கிற இடத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். தனியார் பள்ளி வவுச்சர் திட்டத்தில் என்ன ஆனது? அதை ஏன் உங்கள் பட்டியலில் காணோம்?

மீனா_பிலி
வவுச்சருக்குப் போவதற்கு முன்னால் அவர் கையில் இருந்த சீட்டுகளைப் பார்த்துவிடுவோம். மாநில மேலவையான செனட்டில் குடியரசுக் கட்சி 28, ஜனநாயகக் கட்சி 22. கீழவையில் ஜனநாயகக் கட்சி 102, குடியரசுக் கட்சி 101. அந்த ஒரு சீட்டு மெஜாரிட்டியும் தொடக்கத்தில் கையில் இல்லை. ஜெயித்தவர்களில் ஒருவர் தேர்தலுக்கு முன்பே இறந்துவிட்டவர், வாக்குச்சீட்டில் பெயர் இருந்ததால் ஜெயித்தார். இன்னும் இருவர் வேறு பதவிக்குப் போய்விட்டார்கள். பிப்ரவரி 7 இடைத்தேர்தல் வரை அவை அந்தரத்தில்தான் தொங்கியது. இந்த நிலையில் எதிர்க்கட்சியோடு பேசுவது பெருந்தன்மை என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த வருடம் ஜூன் மாதத்தை நான் மறக்க மாட்டேன். ஜூன் 11 ஞாயிறு, பிலடெல்பியாவில் காட்மன் அவென்யூ பக்கம் ஐ-95 நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். மேலே இருந்த சாலை இடிந்தது. சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். பாலத்தைக் கட்டிக்கொண்டிருக்காமல், நொறுக்கிய பழைய கண்ணாடியிலிருந்து செய்த எடை குறைந்த ஜல்லியைக் கொட்டிப் பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் தாரைப் போட்டார்கள். தொழிற்சங்க ஆட்கள் இராப்பகலாக நின்றார்கள். வேலை நடப்பதை 24 மணி நேரமும் நேரலையில் பார்க்கலாம். என் வீட்டில் டிவி சீரியல் மாதிரி அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மழை வந்து தார் போட முடியாமல் போனபோது, போகோனோ கார் பந்தயத் திடலிலிருந்து ஓடுபாதையை உலர்த்தும் ஜெட் எஞ்சின் வண்டியைக் கொண்டுவந்தார்கள்! ஜூன் 23 அன்று சாலை திறந்துவிட்டது. 12 நாள். அவசரநிலை அறிவித்து, டெண்டர், அனுமதி என்ற சிவப்பு நாடாவை ஒதுக்கி வைத்ததால்தான் அது முடிந்தது.

கறார் கந்தசாமி
மீனா, அதில் எனக்கும் மறுப்பில்லை. நல்ல நிர்வாகி. ஆனால் இடிந்த சாலையைப் போடாதே என்று எந்தக் கட்சி சொல்லும்? நான் கேட்பது வேறு.

வவுச்சர் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிகவும் பின்தங்கிய 15 சதவீத அரசுப் பள்ளிகள் இருக்கும் பகுதிகளில், பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போக மாநில அரசே பணம் தரும் திட்டம் அது. குடியரசுக் கட்சியின் நீண்ட நாள் ஆசை. ஷபீரோ 2022 பிரச்சாரத்திலேயே இதை ஆதரிப்பதாகச் சொன்னார். ஆளுநரான பிறகு செனட் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி, 100 மில்லியன் டாலர் என்று முடிவானது. அந்த நம்பிக்கையில் ஜூன் 30 அன்று செனட் பட்ஜெட்டை நிறைவேற்றியது. கீழவையில் அவருடைய சொந்தக் கட்சித் தலைவர் மேட் பிராட்ஃபோர்டு முடியாது என்றார். ஷபீரோ என்ன செய்தார்? ஜூலை 5 அன்று, "பட்ஜெட்டை அப்படியே நிறைவேற்றுங்கள், அந்த 100 மில்லியன் ஒதுக்கீட்டை மட்டும் நான் வெட்டிவிடுகிறேன்" என்றார். அன்றைக்கே 117-86 என்று பட்ஜெட் நிறைவேறியது.

தான் கேட்ட திட்டத்தைத் தானே வெட்டினார். இப்படி ஒரு அந்தர் பல்டியை நான் பார்த்ததில்லை. எதிர்க்கட்சியிடம் கைகுலுக்கியதற்கு என்ன மதிப்பு, சொல்லுங்கள்?

தேவி டீச்சர்
கந்தசாமி சார், நீங்கள் கோபப்படுவது அவர் பின்வாங்கியதற்கு. எனக்குக் கோபம், அவர் அந்தப் பேரத்துக்குப் போனதே. அதே வருடம் பிப்ரவரியில்தான், அரசுப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் முறையே மாநில அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று காமன்வெல்த் நீதிமன்றம் என்ற மாநில நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. ஏழை மாவட்டப் பள்ளிகளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் ஈரம் காய்வதற்குள் தனியார் பள்ளிக்கு 100 மில்லியன்! பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் கேட்கிறேன், நடுவில் நிற்பது என்றால் யாருடைய பணத்தைத் தூக்கிக் கொடுத்து நிற்பது?

பிராட்ஃபோர்டும் மற்றவர்களும் மசியாததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆளுநர் வாக்கைக் காப்பாற்றவில்லை என்கிறீர்கள். அவரை நம்பி ஓட்டுப் போட்ட ஆசிரியர்களுக்கு அவர் கொடுத்த வாக்கு எந்தக் கணக்கில் வரும்?

செந்தில்வேல்
டீச்சர், உங்களுக்கும் கந்தசாமி சாருக்கும் சேர்த்து ஒரே பதில். மொத்த பட்ஜெட் 45.5 பில்லியன் டாலர். இந்த வவுச்சர் அதில் கால் சதவீதம்கூட இல்லை. இதற்காக மொத்தத்தையும் முடக்கியிருக்க வேண்டுமா? கீழவையில் ஒரே ஒரு ஓட்டு மெஜாரிட்டி உள்ள கட்சியை அவர் என்ன, காதைத் திருகியா இழுத்துவர முடியும்? முயன்றார், நடக்கவில்லை, மற்றதைக் காப்பாற்றினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான்.

பாலா
நடுவில் ஒரு சந்தேகம். ஜூலை 5 அன்றே நிறைவேறியது என்றால், அவர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 3 என்று எங்கோ படித்தேனே. ஏன் ஒரு மாதம்?

மீனா_பிலி
அங்கேதான் வேடிக்கை. அந்த மாநிலத்தில் ஒரு மசோதா ஆளுநரிடம் போக வேண்டுமென்றால், இரண்டு அவைத் தலைவர்களும் அவை கூடியிருக்கும்போது கையெழுத்துப் போட வேண்டும். செனட்டோ கோடை விடுமுறைக்குக் கலைந்துவிட்டது. செனட்டின் இடைக்காலத் தலைவர் கிம் வார்ட் கடுங்கோபத்தில் இருந்தார். அவர்கள் திரும்பி வந்து கூடிக் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 3. அன்றே ஷபீரோவும் போட்டார், அந்த ஒரு ஒதுக்கீட்டையும் வெட்டினார்.

பாலா
நம்ம ஊரில் மசோதாவைக் கிடப்பில் போடுவது ஆளுநர். அங்கே ஆளுநரைக் காக்க வைத்திருக்கிறார்கள். சரி, நடக்கட்டும் 😀

கறார் கந்தசாமி
செந்தில், "மற்றதைக் காப்பாற்றினார்" என்கிறீர்கள். எதைக் காப்பாற்றினார்? பட்ஜெட் பணத்தைச் செலவு செய்ய வழிகாட்டும் துணைச் சட்டங்கள் டிசம்பர் வரை இழுத்தன. நம்பிக்கை போனதற்குக் கொடுத்த விலை அது. 2025இல் என்ன ஆனது? ஜூன் 30க்குள் வர வேண்டிய பட்ஜெட் நவம்பர் 12 அன்றுதான் வந்தது. நான்கு மாதத்துக்கு மேல் தாமதம். அதற்குள் மாவட்டங்களும் பள்ளிகளும் கடன் வாங்கித் தள்ளின. முடிவில் மின் நிலையக் கரியமில வாயுவுக்குக் கட்டணம் விதிக்கும் வட்டார ஒப்பந்தத்தையும் விட்டுக்கொடுத்தார். நீதிமன்றத்தில் அதற்காக மேல்முறையீடு செய்தவரும் இதே ஷபீரோதான்.

மீனா_பிலி
சார், விட்டுக்கொடுக்காவிட்டால் பிடிவாதம், விட்டுக்கொடுத்தால் பல்டி. அப்புறம் என்னதான் செய்ய வேண்டும்? அதே 2025 பட்ஜெட்டில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாநில வரிச் சலுகை முதல்முறையாக வந்தது. 2023 ஆகஸ்டிலும் முதியோருக்கான சொத்துவரி, வாடகைத் திருப்பித்தரலை 650 டாலரிலிருந்து 1,000 ஆக்கினார்கள், இரண்டு கட்சியும் சேர்ந்துதான். எங்கள் தெருவில் இருக்கும் பாட்டிக்கு வவுச்சர் பேரமும் தெரியாது, பிராட்ஃபோர்டும் தெரியாது. காசோலை வந்தது தெரியும்.

தேவி டீச்சர்
வராததையும் சொல்லுங்கள் மீனா. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. 15 ஆக்கும் மசோதாவை 2023 ஜூனில் கீழவை 103-100 என்று நிறைவேற்றி அனுப்பியது. செனட் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. சுற்றியிருக்கும் நியூ ஜெர்சி, நியூயார்க், மேரிலாந்து, டெலவர், ஓஹையோ எல்லாம் ஏற்றிவிட்டன. கந்தசாமி சார், இதில் வாக்குத் தவறியது யார்?

கறார் கந்தசாமி
செனட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீச்சர், அந்தக் கூலி மசோதா செனட்டுக்குப் போனது ஜூனில். வவுச்சர் ஒதுக்கீடு வெட்டப்படும் என்று அறிவித்தது ஜூலையில். கூலியையும் வவுச்சரையும் ஒரே மேஜையில் வைத்துப் பேரம் பேசியிருந்தால் இரண்டும் நகர்ந்திருக்கும் என்பது என் வாதம்.

தேவி டீச்சர்
என் வகுப்பறைப் பணத்தைக் கொடுத்து என் மாணவனின் அம்மாவுக்குக் கூலி உயர்வு வாங்கித் தருவீர்கள். நல்ல பேரம் சார். நான் அதற்கும் எதிராகத்தான் ஓட்டுப் போடுவேன்.

செந்தில்வேல்
டீச்சர் இன்றைக்கு இரண்டு பேரையும் விடுவதாக இல்லை. கூலி மசோதாவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். கந்தசாமி சார், அங்கே முதல் பதிவு உங்களுடையதாக இருக்கட்டும்.