கெலுலுட் (கொட்டாத் தேனீ) கூட்டுப் பிசின் எந்த மரத்தினுடையது?

கேள்வி (பாலிக் புலாவ், பினாங்கு):
வணக்கம். டுரியான், மங்குஸ்தீன், ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே நான்கு கெலுலுட் கூடுகள் வைத்திருக்கிறேன். வாசற்குழலைச் சுற்றி அவை பூசும் கரும்பிசின், அதாவது புரோபோலிஸ், எந்த மரத்தினுடையது என்பதை அதிலுள்ள மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து அறிய முடியுமா?

மறுமொழி (கோலாலம்பூர்):
ஐயா, தேனுக்குப் பொருந்தும் அந்த முறை பிசினுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பிசின் பட்டைக் காயத்திலோ மொட்டிலோ கசிவது. அதில் ஒட்டிய மகரந்தம் காற்றிலோ தேனீயின் உடலிலோ வந்து சேர்ந்திருக்கலாம் என்பதால், அது அக்கம்பக்கத்தில் பூத்தவற்றைக் காட்டுமே தவிர, பிசின் தந்த மரத்தைக் காட்டாது. மரப்பிசினையும் கூட்டுப் பிசினையும் ஆய்வகத்தில் குரோமட்டோகிராபி, அதாவது கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்தறியும் முறை, மூலம் ஒப்பிடுவதே நம்பகமான வழி. ஐரோப்பியப் புரோபோலிசுக்குப் பாப்லர் மர மொட்டும், பிரேசிலின் பச்சைப் புரோபோலிசுக்குப் பக்காரிஸ் செடியும் மூலம் என்பதற்கு வேதிப்பொருள் ஒப்பீடே வலுவான சான்று. தாய்லாந்தின் கொட்டாத் தேனீப் பிசினில் மங்குஸ்தீனுக்குரிய ஆல்ஃபா மங்கோஸ்டின் என்ற வேதிப்பொருள் கிடைத்திருக்கிறது. ஆகவே நானாக இருந்தால் மங்குஸ்தீனிலிருந்தே தொடங்குவேன்.

மறுமொழி (ஜார்ஜ் டவுன்):
காலையில் கூட்டு வாசலில் பின்னங்கால்களைக் கவனியுங்கள், அண்ணா. மகரந்தம் மங்கலான பொடியுருண்டையாக இருக்கும். பிசின் ஈரமாகப் பளபளக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று காலை மங்குஸ்தீன் காயின் தோலில் கசிந்திருந்த மஞ்சள் பாலை இரண்டு தேனீக்கள் தாடையால் பிய்த்துக் காலில் அப்பிக்கொண்டதைப் பார்த்தேன். அந்தப் பாலையும் கூட்டுப் பிசினையும் தனித்தனிக் குப்பிகளில் சேகரிக்கிறேன்.