உறிஞ்சு மருந்தும் மிருதங்கக் கையும்

தெம்பனிஸ் உறுப்பினர்:
2015 செப்டம்பரில் சிங்கப்பூரில் புகைமூட்டத்தால் பள்ளிகளையே ஒரு நாள் மூடிய வாரத்தில், மூச்சிழுப்பு தாங்காமல் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். நான் வழக்கமாக உறிஞ்சும், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் மருந்து ஒரு முறைக்கு 100 மைக்ரோகிராம்தான். அன்று மருந்தை ஆவிபோல் தெளிக்கும் நெபுலைசரில் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். மூச்சு சீரானது, கைதான் நடுங்கத் தொடங்கியது. வீட்டில் தேநீர்க் குவளையை அசையாமல் பிடிக்க முடியவில்லை. ஆனால் சோதிப்பதற்காக மிருதங்கத்தை எடுத்தபோது, வலப்பக்கமான வலந்தலையில் வேகமான சொற்கள் பழுதின்றி விழுந்தன. தளர்ந்த கைக்கு இது எப்படி இயலும்?

ஜூரோங் உறுப்பினர் (ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்):
ஐயா, அது தளர்ச்சி அன்று. 1958இல் ஆய்வாளர்கள் பௌமனும் எலினோர் ஸாய்மிஸும் பூனைத் தசைகளில் அட்ரினலினைச் சோதித்து, காலில் வேகமாகச் சுருங்கும் டிபியாலிஸ் தசையின் விசை கூடுவதையும், மெதுவாகச் சுருங்கும் சோலியஸ் தசையின் விசை குறைவதையும் கண்டனர். அட்ரினலின் செயல்படும் பீட்டா ஏற்பிகளை, அதாவது செல்லின் மேலுள்ள உணர்விகளைத்தான், சல்பியூட்டமாலும் தூண்டுகிறது. அதனால் மெதுவான இழைகளில், தசையைச் சுருங்கவைக்கும் கால்சியம் இழைக்குள் இருக்கும் அதன் சேமிப்பறைக்குள் விரைவாகத் திரும்பி, ஒவ்வொரு துடிப்பும் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றோடொன்று இணைந்து சீரான பிடிப்பாக நீடிப்பதற்குப் பதிலாக இடையிடையே விட்டுப்போகின்றன. குவளையை ஏந்தி நிற்பது அப்படி அரைகுறையாக இணைந்த துடிப்புகளை நம்பிய வேலை. அதனால்தான் நடுக்கம் அங்கே முதலில் வெளிப்பட்டிருக்கும். மிருதங்கத்தின் வேகச் சொற்களுக்கு அப்படி நீடித்த பிடிப்புத் தேவையில்லை; அதனால் அவை தப்பியிருக்கலாம்.

பூன் லே உறுப்பினர்:
பல்கலைக்கழகச் செய்முறை வகுப்பில் எலியின் சோலியஸையும், விரல்களை நீட்டும் வேகத் தசையையும் தனித்தனிக் குடுவைகளில் தொங்கவிட்டு, காஃபீனைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். சோலியஸ் முதலில் சுருங்கி அப்படியே நின்றது; மற்றது செறிவை மேலும் உயர்த்திய பிறகே அசைந்தது. காஃபீன் சேமிப்பறையின் கதவுகளைத் திறந்துவிடுகிறது. மெதுவான இழையின் அறை ஓய்விலேயே ஏறத்தாழ நிரம்பியிருப்பது இதற்கு ஒரு காரணம். சோதனை முடிந்து காப்பிக்கடையில் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) வாங்கும்போது எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. பிறகு கணக்கிட்டபோதுதான் சிரித்தேன்: குடுவைக்குத் தேவைப்பட்டவை லிட்டருக்கு மில்லிமோல்கள், ஒரு கோப்பை காப்பி இரத்தத்தில் சேர்ப்பதோ அதில் நூறில் ஒரு பங்கு அளவிலான மைக்ரோமோல்களே. காப்பிக்குப் பின் கை நடுங்கினால், தசையைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் நரம்பு மண்டலத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

தெம்பனிஸ் உறுப்பினர்:
இருவருக்கும் நன்றி. அந்த மருந்தைச் சில நாள்கள் தொடர்ந்து எடுத்தபோது நடுக்கம் மெல்லத் தணிந்தது. முதல் நாள் மாலையில் மட்டும், தேநீரை என் மனைவிதான் பிடித்துக் குடிக்கவைத்தார்.