அறுகம்பை முனைக்கு வியாழக்கிழமை அலை வருகிறது: போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவளத்தான்:

இலங்கையின் கிழக்குக் கரையில் சர்ஃபுக்கு (அலைச்சறுக்குக்கு) பேர்போன ஊர் அறுகம்பை. வரும் வியாழக்கிழமை அதன் முனையிலிருக்கும் மெயின் பாயின்ட்டுக்கு நல்ல அலை ஒன்று வந்து சேரும்போல் இருக்கிறது. கணிப்பில் உயரம் 1.4 மீட்டர், அலைக்கு அலை 16 விநாடி, வரும் திசை தெற்கு-தென்கிழக்கு. காற்று காலை பத்து மணி வரை மேற்கிலிருந்து மெதுவாக. புதன் இரவே அங்கே இருக்கும்படி டிக்கெட் போட்டுவிட்டேன்.

1.4 மீட்டர்தானே என்று நினைப்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். அப்புறம் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

மூன்று வருடம் முன்பு ஜூன் மாதம், கணிப்பில் 2.1 மீட்டர் என்று பார்த்ததும் கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி மொனராகலை வழியாக விடியற்காலை பொத்துவில் போய் இறங்கினேன். உயரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முனையில் முழங்கால் அளவு அலைதான் இருந்தது. படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் இடத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இது மேக்கால வாற கடல் தம்பி, இஞ்ச திரும்பாது" என்றார். அன்றைக்கு அது புரியவில்லை. திரும்பவும் கணிப்பை எடுத்துப் பார்த்தேன். தென்மேற்கு, 10 விநாடி. அதிலும் பாதி, காற்று அங்கேயே கிளப்பிய குறுங்கடல். தென்மேற்கிலிருந்து வரும் அலை தீவின் தென்கரையில் மோதி, மிச்சம்தான் சுற்றிக்கொண்டு கிழக்குக்கு வரவேண்டும். அறுகம்பையோ கிழக்கே பார்த்த ஊர்.

நான்கு நாள் கழித்துக் கணிப்பு 1.2 மீட்டருக்கு இறங்கியது. சின்னதாக இருக்கும் என்று நிதானமாக நீந்திப் போனேன். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு வெளியே கடல் கறுத்து, நான்கு அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம். முதல் அலையில் போர்டு கையை விட்டுப் போனது, இரண்டாவதில் லீஷ் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) அறுந்தது. அன்று 17 விநாடி, நேர் தெற்கு.

அதற்குப் பிறகுதான் நான் முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். விநாடி என்பது இரண்டு அலை முகடுகளுக்கு இடையிலான நேரம். ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர், 16 விநாடி அலைக்குச் சுமார் 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். ஆழம் குறைந்த பக்கம் வேகம் குறைவதால் அலை அந்தப் பக்கம் திரும்பும். ஆக, 8 விநாடி அலை 50 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகுதான் திரும்ப முயலும். 16 விநாடி அலை 200 மீட்டர் ஆழத்திலேயே திரும்பத் தொடங்கிவிடும். முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் நீளமாக ஓடுவது அந்த அலைதான். ஆழம் குறையக் குறைய உயர்வதும் அதுதான். முனை அலைக்கு உயரத்தைவிட விநாடியும் திசையும் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த அலைகள் பிறப்பது தெற்கு அட்சரேகை 40 பாகைக்கும் தெற்கே, புயல் ஓயாத கடலில். 16 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அங்கிருந்து இங்கே ஐந்தாறு நாள் பயணம். போன வெள்ளிக்கிழமை அங்கே அடித்த காற்றுக்குத்தான் நாம் இப்போது டிக்கெட் போடுகிறோம்.

உல்லைக் கரை:

நான் ஊர்க்காரன். எங்கட ஆட்கள் இந்த இடத்தை உல்லை என்றுதான் சொல்வார்கள். வாப்பா மீன்பிடி, நான் பன்னிரண்டு வயதில் உடைந்த பலகை ஒன்றில் பழகினேன்.

தம்பி சொன்ன கணக்கு சரி. எங்களிடம் ஃபோனில் கணிப்பு வருவதற்கு முன்பே வாப்பா அதைக் காதால் பார்த்தார். இரவு சாப்பிட்டுவிட்டு வாசலில் இருக்கும்போது முனையில் அலை விழும் சத்தம் கேட்கும். சத்தம் அடுக்கடுக்காக வந்தால் குறுங்கடல். ஒன்று விழுந்து, கடல் ஓய்ந்து, மறந்துபோகிற அளவுக்கு நேரமெடுத்து அடுத்தது விழுந்தால், "நாளைக்குப் படகு தள்ளப் பாத்துத்தான் தள்ளணும்" என்பார். நீங்களும் எண்ணிப் பாருங்கள். பத்து அலைக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துப் பத்தால் வகுத்தால் விநாடி வந்துவிடும். நீண்ட விநாடி அலைகள்தான் முதலில் வந்து சேரும். அதனால் சத்தம் நீளமாகவும் அலை சின்னதாகவும் இருந்தால், பெரிதாக ஒன்று பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று. தென்மேற்கு மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி எங்கள் பக்கம் இறங்கும். காலையில் அது கரையிலிருந்து கடலுக்கு வீசி அலையின் முகத்தைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிடும். வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று வந்து எல்லாவற்றையும் கலைக்கும். சாதாரணமாகப் பத்து, பத்தரைக்கு. கச்சான் பலமாக இருக்கிற நாளில் கடற்காற்று பிந்தும், சில நாள் மதியம் வரைகூட நல்ல கடல் கிடைக்கும். கணிப்பில் காட்டும் காற்று பரந்த பகுதிக்கானது. இந்த முனைக்கு என்ன நேரம் என்பதைத் தென்னை ஓலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வற்றுப்பெருக்கை நினைத்து அதிகம் பயப்பட வேண்டாம், எங்கள் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனால் கடல் வற்றி இருக்கும்போது மெயின் பொயின்டில் பாறைக்கு மேல் தண்ணீர் குறைவு. கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும். காலை ஊன்றாதீர்கள், விழுந்தால் தட்டையாக விழுங்கள்.

டொரன்டோ பிள்ளை:

நான் பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது கனடா. போன வருசம் குடும்பத்தோடு ஊருக்கு வந்தபோது அறுகம்பைக்கும் போனோம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் போகும் பேபி பொயின்ட்டில் இரண்டு நாள் படித்தேன். மூன்றாம் நாள் பலகை வாடகைக்கு எடுத்த கடையில், "இண்டைக்கு மெயின் பொயின்ட் சின்னன், போகலாம்" என்றார்கள். போனேன்.

உண்மையிலேயே சின்னதாகத்தான் இருந்தது. இருபது நிமிடம் வரைக்கும். பிறகு மேலே கோவளத்தான் எழுதியதுபோலவே ஒரு செட், ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய அலைகள். பலகை போய்விட்டது, நான் பாறைக்கும் அலைக்கும் நடுவில். கரை எனக்கு நேர் எதிரே தெரிந்தது, அதனால் அதை நோக்கியே நீந்தினேன். பாறையில் முழங்கால் கிழிந்தது. உள்ளூர்ப் பொடியன் ஒருவன், பதினைந்து வயது இருக்கும், பக்கத்தில் வந்து தன் பலகையைப் பிடிக்கச் சொல்லி, "கரைக்கு நேரே போகாதீங்க அக்கா, தண்ணி கொண்டுபோற பக்கம் போங்க" என்றான். முனையை ஒட்டி ஓடும் நீரோட்டம் இரண்டு மூன்று நிமிடத்தில் எங்களைக் குடாவுக்குள், மணல் கரையில், படகுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. எதிர்த்து நான் நீந்திய தண்ணீர்தான் என்னைக் காப்பாற்றவும் செய்தது.

அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இதை அவன் வாசித்தால், நன்றி தம்பி.

புதிதாகப் போகிறவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தண்ணீரில் இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் கரையில் இருந்து பாருங்கள். 16 விநாடி அலை வரும் நாளில் இரண்டு செட்டுக்கு நடுவே கடல் குளம் மாதிரி இருக்கும்.

குமரிக் கரை:

டொரன்டோ அக்கா சொன்னதை எங்கள் பக்கத்து ஆட்களும் படிக்க வேண்டும். அதே தெற்குக் கடலிலிருந்து அதே நீண்ட அலைதான் கன்னியாகுமரிக்கும் கேரளக் கரைக்கும் வருகிறது. இங்கே அதற்குப் பெயர் கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். கடல் மட்டும் திருடன் மாதிரி ஏறி வரும்.

2024 மே 6 அன்று எங்கள் மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். காலை நேரம், அலை இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்கள் அவை. நான் அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன், அதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற இந்தியக் கடல் தகவல் நிறுவனம் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. எத்தனை மீட்டர், எத்தனை விநாடி, எந்தத் தேதி எந்த நேரம் வரை என்று அதில் இருக்கும். சர்ஃப் செய்கிறவர்களுக்கு அது நல்ல செய்தியாகத் தெரியும். கரையில் பிள்ளைகளோடு நிற்கிறவர்களுக்கு அது ஆபத்து. உங்களுக்குக் கணிப்பு வாசிக்கத் தெரியும் என்றால், கரையில் நிற்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள்.

மட்டுநகர்:

நான் சர்ஃப் செய்கிறவன் இல்லை. ஆனால் அறுகம்பைக்குத் தெற்கே சர்ஃப் செய்கிறவர்கள் போகும் ஒகந்தை (உகந்தை) முனையை நடந்து பார்த்தவன். கதிர்காமம் பாதயாத்திரையில் இரண்டு முறை உகந்தமலை முருகன் கோயிலில் தங்கியிருக்கிறேன். யாத்திரைக்காரர் குமண காட்டுக்குள் இறங்குவதற்கு முன் தங்குகிற இடம் அது.

ஒரு ஆடி அதிகாலையில், கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, கீழே பாறைக்கு அப்பால் நான்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் அலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். சாமி கும்பிட வந்த ஆச்சி ஒருவர் முருகனின் வேலைப் பார்ப்பதா கடலைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார். பிறகு அந்தப் பிள்ளைகள் மேலே வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போனார்கள். எனக்கு அது நல்ல நினைவு.

ஒகந்தைக்குப் போகிறவர்கள் இருட்டில் புறப்படாதீர்கள். பாணமை தாண்டினால் காட்டோரப் பாதை. கடற்காற்று வருவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று நாலரைக்கு ஓட்டோ பிடித்த மூன்று பேரை, நடு ரோட்டில் நின்ற தனி ஆனை ஒன்று முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது. ஓட்டோக்காரர் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக்கூட விடவில்லையாம். நடந்து வந்த எங்களிடம் அவரே சொன்னார்.

மழைக்கால வாசகர்:

அக்டோபர் கடைசியில்தான் எனக்கு விடுமுறை. அப்போது போகலாமா?

உல்லைக் கரை:

அக்டோபர் தொடக்கம் வரை ஓரளவு சரி, கூட்டமும் குறைந்திருக்கும். அதற்குப் பிறகு நம்பி வர வேண்டாம். கச்சான் ஓய்ந்து, பின்னேரங்களில் இடியோடு மழை, அடுத்து வாடை தொடங்கிவிடும். காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும். களப்பின் (கடலோர உப்பேரியின்) முகத்துவாரம் உடைந்தால் தண்ணீர் பழுப்பாகிவிடும், களப்பில் முதலையும் இருக்கிறது. நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை தென்மேற்குக் கரைதான், வெலிகம, ஹிக்கடுவ பக்கம் போங்கள்.

கோவளத்தான்:

வெள்ளிக்கிழமை மதியம், பொத்துவிலிலிருந்து எழுதுகிறேன்.

புதன் இரவு அறையில் படுத்துக்கொண்டு எண்ணினேன். பத்து அலைக்கு 2 நிமிடம் 50 விநாடி. 17. அலை பெரிதாக இல்லை, ஆனால் சத்தத்துக்கு நடுவே இருந்த அமைதி மிக நீளம். உல்லைக் கரை காக்கா (அண்ணன்) சொன்னது அப்படியே.

வியாழன் விடிய ஐந்தரைக்குக் கரையில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து நிமிடம் பார்த்தேன், மூன்று செட் வந்தது, பெரியது ஐந்து அலை. பிறகுதான் இறங்கினேன். தண்ணீரில் இருபது பேர் இருந்தார்கள், ஏழரைக்கு அது ஐம்பதைத் தாண்டியது. எனக்கு மொத்தம் ஆறு அலை கிடைத்தது. அதில் ஒன்று, பாறைக்கு வெளியே எழுந்து, முனையைச் சுற்றிக் குடாவுக்குள் படகுகள் நிற்கும் இடம் வரை என்னைக் கொண்டு வந்தது. கால் நடுங்கும் அளவுக்கு நீளம். திரும்பி மணலில் நடந்துபோகவே பத்து நிமிடம் ஆனது. கச்சான் பலமாக இருந்ததால் பதினொன்றே கால் வரை கடல் கலையவில்லை.

இன்று காலை 14 விநாடிக்கு இறங்கிவிட்டது. செட் அடிக்கடி வருகிறது, உயரம் நெஞ்சளவு. நாளை இன்னும் குறையும். செவ்வாய்க்கிழமைக்கு 1.9 மீட்டர் என்று ஒன்று தெரிகிறது. அது தென்மேற்கு, 11 விநாடி, அதை நம்பி யாரும் பஸ் ஏற வேண்டாம். கற்றுக்கொள்கிறவர்கள் வரலாம். ஞாயிறு முதல் செவ்வாய் வரை பேபி பாயின்ட்டில் இடுப்பளவு அலை இருக்கும், காலை ஆறு முதல் ஒன்பது வரை நல்ல நேரம்.