எஸ்டேட் மேஸ்திரி மேல புகார் குடுத்தா எழுதி வாங்கவே மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

மலைக்காட்டுப்பொண்ணு:
நாங்க சேர்வராயன் மலை, மலையாளிங்கற பழங்குடி, எஸ்டி. சித்தி பொண்ணு காப்பி பழம் எடுக்கப் போறா, அங்க மேஸ்திரி கூலி குடுக்கறப்ப கையப் புடிக்கறது, தனியா செடிக்குள்ள வரச் சொல்றதுன்னு ரொம்ப நாளா தொல்லை, போன வாரம் ஜாக்கெட்டையே கிழிச்சுட்டான். ஸ்டேஷனுக்குப் போனா பேசி முடிச்சுக்கங்கன்னு அனுப்பிட்டாங்க, ஊர்லயும் பொண்ணு பேரு கெட்டுடும்ங்கறாங்க. அவன் கீழ்நாட்டு ஆளு, எஸ்சியோ எஸ்டியோ இல்ல. அவ சாப்பிடக்கூட மாட்டேங்கறா.

கோர்ட்டுப்பக்கம்:
தங்கச்சி, மொதல்ல அந்த ஜாக்கெட்ட தொவைக்காதீங்க, பேப்பர் கவர்ல போட்டு வைங்க, பிளாஸ்டிக் வேணாம். அவன் எஸ்சி எஸ்டி இல்லங்கறதால 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும், அத புகார்லயே தெளிவா எழுதுங்க, என்னைக்கு, எங்க, யாரு பாத்தாங்கன்னு. எழுதி வாங்கலன்னா அதே புகார எஸ்பிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க. அந்தச் சட்டத்துல 2018 திருத்தத்துக்கு அப்பறம் எஃப்ஐஆர் போட முன்விசாரணையே தேவையில்ல, டிஎஸ்பி அந்தஸ்துல இருக்கறவர்தான் விசாரிக்கணும். வாக்குமூலம் பெண் போலீசோ வேற பெண் அதிகாரியோதான் எடுக்கணும். வக்கீலுக்கு காசு வேணாம், சேலம் கோர்ட்ல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, எஸ்டிக்கும் பெண்களுக்கும் வருமானமே பாக்காம இலவசம்.

அரூர்க்காரன்:
பேரு கெட்டுடும்னு சொல்றவங்க கிட்ட தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி ஊர சொல்லுங்க. அந்த ஊர்க்காரங்களும் மலையாளி சனம்தான். 1992 ஜூன்ல வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க ஊருக்குள்ள பூந்து 18 பொண்ணுங்கள நாசம் பண்ணாங்க, அப்பவும் லோக்கல்ல புகார் எடுபடல. மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்னுச்சு, கேஸ் சிபிஐ வரைக்கும் போச்சு, 2011ல தருமபுரி கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளின்னு சொல்லுச்சு, 2023ல ஹைகோர்ட்டும் அத உறுதி பண்ணி பாதிக்கப்பட்ட அந்த ஒவ்வொரு பொண்ணுக்கும் 10 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. 19 வருஷம் ஆச்சுங்கறது கொடுமைதான், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல, ஆனா அந்தப் பொண்ணுங்க பின்வாங்கல. தலை குனிய வேண்டியது செஞ்சவன்தான்.

தோட்டத்தக்கா:
கண்ணு, கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும், அங்க மத்த பொண்ணுங்களும் வேலை செய்யறாங்கல்ல, அவங்ககிட்டயும் பேசு, இவன் ஒருத்திகிட்ட மட்டும் இப்படி நடந்திருக்க மாட்டான். கூலியும் எடையும் எல்லார் முன்னாடியும் வெட்டவெளியில நடக்கணும்னு கூட்டமா போய் முதலாளிகிட்ட கேளுங்க, தனியா கூப்பிட்டு காசு குடுக்கற பழக்கம் இருக்கற வரைக்கும் இந்தத் தொல்லை தீராது. எஸ்டேட்டும் வேலை செய்யற இடம்தான், வேலை எடத்துல பாலியல் தொல்லையத் தடுக்கற 2013 சட்டப்படி புகார் கமிட்டி இருக்கணும், இல்லன்னா மாவட்ட உள்ளூர் கமிட்டி, மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். ராத்திரி பயமா இருந்தா பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க, அவள தனியா அனுப்பாத, நாலு பொம்பளைங்க சேந்து போங்க.