திடீரென்று கல்லாகும் ஸ்டீயரிங்: அசெம்பிளியையே மாற்ற வேண்டுமா?

வண்டி 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சேலத்தில் இருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே தொல்லை. கிளம்பி இருபது நிமிடம் ஆனதும் இபிஎஸ் (எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) விளக்கு எரிகிறது, அந்த நொடியே ஸ்டீயரிங் இறுகிவிடுகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பத்து நிமிடத்தில் மறுபடி அதே கதை. ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை இப்படி ஆகி, கை நடுங்கிவிட்டது.

இந்த பவர் ஸ்டீயரிங் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் இல்லை, மோட்டார் வைத்தது. அதனால் ஆயில் பார்க்கும் வேலையே இல்லை. வோல்டேஜ் குறைந்தாலும் மோட்டார் உதவி நின்றுவிடும் என்பதால் முதலில் பேட்டரியை மாற்றினேன். எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட் வருகிறது. ஃபியூஸ், எர்த் ஒயர், டயர் காற்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அலைன்மென்ட்டும் செய்தேன், அது வீண் செலவு. ஸ்கேனரில் டார்க் சென்சார் (ஸ்டீயரிங்கை எவ்வளவு விசையோடு திருப்புகிறோம் என்று அளப்பது) கோளாறு என்று மட்டும் காட்டுகிறது, அழித்தாலும் திரும்ப வருகிறது.

சென்சார் தனியாகக் கிடைக்காது, ஸ்டீயரிங் அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பில் 30,000 ரூபாயைத் தாண்டுமாம்.

இதே கோளாறு வந்து, சென்சாரை மட்டும் சரிசெய்து ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?