மறு: உள் எலக்ட்ரான்கள் செய்வது மறைப்பா, தணிப்பா?

வேதியியல் பாட மொழிபெயர்ப்பில் 'ஷீல்டிங்' (shielding) என்பதற்கு, அதாவது உள் எலக்ட்ரான்களால் வெளி எலக்ட்ரான் மீது அணுக்கருவின் இழுப்பு குறைவதற்கு, என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில்.

> கிடுகு என்று வைப்போம். கேடயம் வடசொல். கிடுகு பட்டினப்பாலையிலேயே இருக்கிறது.

ஐயா, சொல் அழகுதான். கிடுகை நிரைத்து, வேலை ஊன்றி நிற்கும் அந்த நடுகல் அரண் எனக்கும் பிடித்த இடம். ஆனால் பாடத்துக்கு வினைச்சொல் வேண்டும். 'எலக்ட்ரான் கிடுகுகிறது' என்று எழுத முடியாதே. கிடுகு என்றதும் தென்னங்கீற்றை நினைப்பவர்களும் உண்டு.

> திரை, மறைப்பு, இரண்டில் ஒன்று போதும். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். என் தயக்கமே அதுதான். கிடுகோ திரையோ மறைப்போ, நடுவில் ஒரு தட்டி நிற்பதாகத்தான் மாணவர் மனதில் படம் விழும். அணுக்கருவின் இழுப்பை அங்கே எதுவும் தடுத்து நிறுத்தவில்லை. உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் வெளியே இருப்பதைத் தள்ளுகின்றன. இழுப்பில் அந்தத் தள்ளல் போக மிஞ்சுவதுதான் வெளி எலக்ட்ரானுக்கு.

சோடியத்தையே பாருங்கள். கருவில் 11 புரோட்டான். இயற்பியலாளர் ஸ்லேட்டர் 1930இல் தந்த விதிப்படி, முதல் கூட்டில் இருக்கும் 2 எலக்ட்ரான்களுக்குத் தலைக்கு 1, அடுத்த கூட்டின் 8க்குத் தலைக்கு 0.85 என்று கழிக்க வேண்டும். கூட்டினால் 8.8. 11இல் அது போக, கடைசி எலக்ட்ரான் உணர்வது 2.2. பத்தும் முழுக்க மறைத்திருந்தால் 1தானே வரவேண்டும்? இந்த அரைகுறைத்தன்மையைச் சொல்ல 'தணிப்பு' இடம் கொடுக்கிறது. '4எஃப் எலக்ட்ரான்கள் குறைவாகவே தணிக்கின்றன. அதனால் ஹாஃப்னியம் ஏறக்குறைய சிர்க்கோனியம் அளவிலேயே இருக்கிறது' என்று தடங்கலில்லாமல் எழுதலாம். (4எஃப் என்பது நான்காம் கூட்டின் ஒரு துணைக்கூடு. தனிம அட்டவணையில் சிர்க்கோனியத்துக்கு நேர் கீழே இருப்பதால் ஹாஃப்னியம் பெரிதாக இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம்.) மேலே வந்த 8.8 போன்ற எண்ணுக்குத் தணிப்பு மாறிலி என்ற பெயரும் இயல்பாக வரும்.

> தணிப்பு ஏற்கெனவே அதிர்வுகளுக்குப் போய்விட்டது அம்மா.

உண்மைதான். ஆனால் மறைப்பு வானியலிலும் இருக்கிறது. சந்திரன் ஒரு விண்மீனை மறைப்பதை யாரும் இதோடு குழப்பிக்கொள்வதில்லை.

சரி, மொழிபெயர்ப்பு நாளைக் காலை போயாக வேண்டும். நான்கு பேர் மறைப்பு என்கிறீர்கள், தணிப்புக்கு நான் ஒருத்திதான். 'மறைப்பு விளைவு' என்றே போட்டுவிடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'அதாவது, உள் எலக்ட்ரான்களின் தள்ளலால் கருவின் இழுப்பு தணிதல்' என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் வெட்ட வேண்டாம்.

அப்புறம், எஸ் துணைக்கூட்டு எலக்ட்ரான் கருவுக்கு அருகே வரை புகுந்து வருவதற்கு 'ஊடுருவல்' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்.