நூலக மின்னூல்களை இரவல் எடுத்துச் சொல் எண்ணலாமா?

கேள்வி: அமெரிக்கப் பொது நூலகத்தில் லிப்பி என்ற மின்னூல் இரவல் செயலி வழியாக 500 நாவல்களை இரவல் எடுத்து, டிஆர்எம் பூட்டை (நகலெடுப்பதைத் தடுக்கும் மின்பூட்டு) நீக்கி, சொல் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கோப்பை அழித்துவிட்டால் தப்பா? ஆய்வுக்குத்தான், யாருக்கும் பிரதி தரப்போவதில்லை.

பதில் 1: எண்ணுவதில் சிக்கல் இல்லை, பூட்டை நீக்குவதில்தான். டிஎம்சிஏ என்ற அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2021-இல் அந்தத் தடையிலிருந்து கணினிவழி உரை ஆய்வுக்கு விலக்கு தந்தார்கள், 2024-இல் புதுப்பித்தார்கள். ஆனால் அது இலாபநோக்கற்ற உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்களுக்கு மட்டும். பிரதியும் நிறுவனத்துக்குச் சொந்தமாகவோ, காலவரம்பில்லாத உரிமத்திலோ இருக்க வேண்டும். இரவல் நூல் அங்கேயே அடிபட்டுப் போகும்.

பதில் 2: சட்டத்தை விடுங்க. நூலகம் மின்னூலைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறது. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் கொண்டுவந்த விதிப்படி 26 இரவலோடு உரிமம் தீரும், பிறகு திரும்பக் காசு கட்ட வேண்டும். வேறு சில பதிப்பகங்களில் 2 ஆண்டுக் கெடு. நீங்கள் அரை மணியில் திருப்பிக் கொடுத்தாலும் 26-இல் ஒன்று போனதுதான். வரிசையில் நிற்கும் வாசகருக்கு இது நியாயமா?

பதில் 3: சொல் எண்ணிக்கைதானே? ஹாத்திடிரஸ்ட் என்ற மின்னூலகத்தின் ‘எக்ஸ்ட்ராக்டட் ஃபீச்சர்ஸ்’ தரவை இறக்குங்கள். காப்புரிமை உள்ள நூல்களுக்கும் பக்கவாரியாகச் சொல், அதன் இலக்கண வகை, எத்தனை முறை என்று கிடைக்கும். சொல் வரிசை மட்டும் இருக்காது.

கேள்வி கேட்டவர்: நாவலில் வரும் உரையாடல்களைப் பிரிக்கச் சொல் வரிசை வேண்டுமே?

பதில் 3: அப்போது பழைய அச்சுப் பிரதிகளை வாங்கி ஸ்கேன் செய்யுங்கள், உடைக்கப் பூட்டே இல்லை. ஓசிஆர் (படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றுவது) செய்ததும் வரிக்கடைசியில் கோடு போட்டு உடைந்த சொற்களை முதலில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அரைகுறைச் சொற்கள் பட்டியலை நிரப்பிவிடும். மேற்கோள் குறிகளையும் சரிபாருங்கள், மங்கிய அச்சில் முதலில் காணாமல் போவது அவைதான்.